டைட்டிலில் யாருக்குப் பேர் விழுந்தது? பழைய படத்தில் ஸ்டூடியோவைக் கண்டுபிடிக்கும் முறை

அப்பா இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் ஒப்பரேட்டராக இருந்தார். ரீல் சுற்றிக் கொடுப்பது என் வேலை. மெஷின் அறையின் சின்னச் சதுரத் துவாரம் வழியாகத்தான் நான் படம் பார்த்துப் பழகினேன். டைட்டில் ஓடும்போது மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. "பேர் விழுது, பாரு" என்பார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். சினிமா டைட்டிலையும் அவர் செக்ரோல் மாதிரியே படித்தார். அவர் எனக்குக் காட்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

தேவையானது ஒரு போனும் ஒரு கொப்பியும்தான். படத்தை ஓடவிட்டு, டைட்டில் அட்டை ஒவ்வொன்றிலும் நிறுத்துங்கள்.

முதலில் சின்னம். இரண்டு குழந்தைகள் குழல் ஊதினால் அது ஜெமினி, எஸ். எஸ். வாசனின் ஸ்டூடியோ. சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் டி. ஆர். சுந்தரம். ஏவிஎம் என்றால் ஏ. வி. மெய்யப்பன், 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தைக் காரைக்குடியில் எடுத்துவிட்டு, பிறகுதான் ஸ்டூடியோவைச் சென்னைக்கு மாற்றினார். சின்னத்தைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும்.

அடுத்தது, இலாகாக்கள். இதில் நிதானமாக இருங்கள். 1948இல் வந்த 'சந்திரலேகா'வில் கதை என்ற இடத்தில் ஜெமினி கதை இலாகா என்று போடுவார்கள். கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் அந்த இலாகாவில் மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்து கதை யோசித்தார்கள். தேயிலை ஃபெக்டரியை நினைத்துப் பாருங்கள். கொழுந்து ஒரு வாசலில் உள்ளே போகிறது. வாடி, அரைபட்டு, காய்ந்து, சலித்து, மறு வாசலில் பெட்டியாக வெளியே வருகிறது. ஸ்டூடியோவும் அப்படித்தான் நடந்தது. கதை, செட் போடும் தச்சர்கள், தையல், மேக்கப், கேமரா, ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே மதிலுக்குள். ஆளுக்கு மாதச் சம்பளம். அந்த ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஐந்து வருஷமும் முப்பது லட்சம் ரூபாயும் ஆயின. அந்தப் படத்தில் பெரிய பெரிய முரசுகளின் மேல் ஆடும் நடனம் ஒன்று வரும்; தினக்கூலிக்கு ஆள் பிடித்து அதை எடுத்திருக்க முடியாது என்று அப்பா சொல்வார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

மூன்றாவதாக டைரக்டர் பெயரைப் பாருங்கள். முதலாளியின் பெயரே அங்கே இருக்கிறதா? 'சந்திரலேகா'வை டி. ஜி. ராகவாச்சாரி தொடங்கினார், முடித்தது வாசன். 1950இல் வந்த 'மந்திரி குமாரி'யில் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரின் பெயரோடு டி. ஆர். சுந்தரத்தின் பெயரும் வரும். டங்கன் பாதியில் ஊர் திரும்ப, சுந்தரமே மீதியை எடுத்து முடித்தார். ஸ்டூடியோவில் யார் போனாலும் வேலை நிற்காது.

நடிகர்களும் அப்போது இந்தக் கணக்குக்குள்தான் இருந்தார்கள். 'பராசக்தி' நடிக்கும்போது சிவாஜிக்கு மாதம் 250 ரூபாய் சம்பளம். அந்தப் படத்தின் டைட்டிலை நன்றாகக் கவனியுங்கள்: நேஷனல் பிக்சர்ஸ் என்று ஒரு பெயர், கூடவே ஏவிஎம். பணம் போட்டவர், படம்பிடிக்கத் தளம் தந்தவர் என்று இரண்டு கை சேர்ந்த இடம் அது. இந்த மாதிரி இரட்டைப் பெயர் கண்டால் கொப்பியில் தனியாக எழுதுங்கள்.

ஹொலிவூட்டில் பெரிய ஐந்து கம்பெனிகள் இதையும் தாண்டிப் போனார்கள். படம் எடுத்தவர்களே தியேட்டர்களையும் வைத்திருந்தார்கள். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது.

அப்புறம் ஊர்ப் பெயர். கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த 'மலைக்கள்ளன்' 1954இல் வந்தது. அதே கதை சிங்களத்திலும் படமானது. முதல் சிங்களப் பேசும்படமே மதுரையில் எஸ். எம். நாயகம் எடுத்ததுதான், 1947இல் திரைக்கு வந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் கூட்டாளிக்கு இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

டைட்டில் முடிந்ததும் செட்டைப் பாருங்கள். தூண், படிக்கட்டு, வாசல் வளைவு. ஒரே ஸ்டூடியோவின் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரு படத்தின் அரண்மனைத் தூண் இன்னொன்றில் கோயிலாக நிற்கலாம். மலையகத்தில் இருக்கிற நமக்கு இன்னொரு வசதி: மிஸ்ட், அதாவது பனிமூட்டம். நிஜ மிஸ்ட் பள்ளத்திலிருந்து ஏறி வந்து, மரத்தின் நடுப்பகுதியை மறைத்துவிட்டு உச்சியைக் காட்டும். தளத்தில் விடுகிற புகை காலடியில் படுத்துக் கிடக்கும். பின்னால் இருக்கிற மலை துணியில் தீட்டியதா என்பதும் அதில் தெரிந்துவிடும்: புகை நகர்ந்தாலும் மலையின் நிறம் மாறாது.

கடைசியாக, ஸ்டூடியோ தானே படம் எடுப்பதை விட்டு, மற்றவர்களுக்கு வாடகைக்கு விடும் தளமாக எப்போது ஆனது என்று தெரிய வேண்டுமானால், தயாரிப்பாளர் இடத்தில் நடிகரின் பெயர் வருகிற படங்களைத் தேடுங்கள். 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' எம்ஜியார் பிக்சர்ஸின் படம். எம். ஜி. ஆர். நம்ம நாவலப்பிட்டியில் பிறந்தவர். 1936இல் 'சதிலீலாவதி'யில் ஒரு சின்னப் போலீஸ் வேடத்தில்தான் அவர் தொடங்கினார். அந்தக் கதையை எழுதியவர், பின்னாளில் ஜெமினியை நடத்திய அதே வாசன். படத்தை எடுத்தவர் அதே டங்கன். கதாநாயகன் எம். கே. ராதா; ஊரை விட்டு ஓடி, இலங்கைக்கு வந்து, தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்வதாகக் கதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கு லெப்டொப்பில் 'சந்திரலேகா' போடுவேன். டைட்டிலில் எம். கே. ராதா என்று வந்ததும் நிறுத்திவிட்டு இந்தக் கதையைச் சொல்வேன். போன வாரம் ஒரு தங்கச்சி, "அப்படின்னா இவருக்கு நம்ம தோட்டத்துலயும் ஒரு பேர் விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, கொப்பியில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் முழுப்பேர் என்று போட்டுக்கொண்டாள்.