வெள்ளவத்தைக் கரையோரப் பாதையைச் சுவர்த்தட்டில் அமைத்தல்

மாதிரிப் புகையிரதத் தளம் அமைக்க விரும்புவோர் பலர் முதலில் செய்வது, மேசையொன்றின் மேல் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி வண்டியைச் சுற்றி ஓட விடுவதுதான். அந்த வட்டம் விரைவில் சலித்துவிடும். அத்துடன், கொழும்பின் அடுக்குமாடி வீடுகளில் அதற்கென ஒரு மேசையை ஒதுக்கவும் பலரால் முடியாது. ஆனால் இந்நகரத்தவருக்கு மிக நன்றாகத் தெரிந்த புகையிரதப் பாதை, கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை வழியாகக் கடலை ஒட்டியே செல்லும் பாதை, இயற்கையிலேயே நீண்டும் ஒடுங்கியும் கிடக்கிறது. ஒரு பக்கம் கடல், அதை அடுத்துக் கருங்கற் பாறைகள், பின் இரட்டைத் தண்டவாளம், அதன் பின் மரைன் டிரைவ் வீதி, கடைசியாக மாடிக் கட்டடங்கள் என்று அடுக்கடுக்காக அமைந்திருப்பதால், சுவரோரத் தட்டொன்றில் அதை ஏறத்தாழ உள்ளபடியே அமைத்துவிடலாம். இக்கட்டுரை அத்தகைய ஒரு தளத்தைச் செய்யும் முறையைக் கூறுகிறது.

முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு: 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் 1:76 விகித 'ஓஓ' அளவும், 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் ஓடும் 1:160 விகித 'என்' அளவும். (பிரித்தானியத் தயாரிப்புகளில் 'என்' அளவு 1:148 ஆக இருக்கும்; பாதையோரப் பொருட்களை வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.) 20 மீற்றர் நீளமான பெட்டியொன்று 'ஓஓ' அளவில் 26 சென்ரிமீற்றரும் 'என்' அளவில் 12.5 சென்ரிமீற்றரும் வரும். 180 சென்ரிமீற்றர் நீளத் தட்டு 'என்' அளவில் 288 மீற்றர் நிலத்தைக் காட்டும் என்பதால், நான்கு பெட்டிகள் கொண்ட வண்டி அதில் உண்மையாகவே எங்கிருந்தோ வந்து எங்கோ போவதுபோலத் தோன்றும். அதே தட்டில் 'ஓஓ' வண்டி தட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே சிறு தட்டுக்கு 'என்' அளவையே நான் பரிந்துரைக்கிறேன். இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். அது 1:160 விகிதத்தில் 10.5 மில்லிமீற்றராக இருக்க வேண்டும். கிடைக்கும் தண்டவாளம் 1.5 மில்லிமீற்றர் ஒடுக்கம்தான் என்றாலும், தளத்தைப் பக்கவாட்டிலிருந்தே பார்க்கப் போவதால் அது கண்ணுக்குப் புலப்படாது.

தட்டின் அகலத்துக்கு 35 சென்ரிமீற்றர் போதும். முன்விளிம்பிலிருந்து கடலுக்கு 10, பாறைகளுக்கு 4, தண்டவாளங்களுக்கும் மேடைக்கும் 10, வீதிக்கு 7, பின்னணிக் கட்டடங்களுக்கு 4 என்று பிரித்துக்கொள்ளலாம். அடித்தளத்துக்கு 9 மில்லிமீற்றர் பிளைவுட்டை எடுத்து, கீழே மரச்சட்டம் அடித்து, 40 சென்ரிமீற்றருக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். பழைய சோனகத் தெருவின் இரும்புக்கடைகளில் இதற்கான ஆணி, கோணத்தகடு, வார்னிஷ் எல்லாம் கிடைக்கும்.

இந்த வார்னிஷ் பூச்சைத்தான் பலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். கொழும்பின் ஈரக்காற்று மரத்துக்குள் புகுந்து அதை உப்பச் செய்யும், வெயில் நாட்களில் மரம் மீண்டும் சுருங்கும். தண்டவாளம் நெளிவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்டவாளம் அன்று, அதைத் தாங்கும் பலகையே. எனவே பலகையின் மேற்புறம், கீழ்ப்புறம், வெட்டிய ஓரங்கள் யாவற்றுக்கும் இரண்டு தடவை வார்னிஷ் பூசி, நன்றாகக் காய்ந்த பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். தண்டவாள மூட்டுகளிலும் அரை மில்லிமீற்றர் இடைவெளி விட்டுவிடுவது நல்லது.

கடலைவிடப் பாதை உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால், கடல் வரும் இடத்தைத் தவிர்த்து மற்றப் பகுதி முழுவதிலும் 25 மில்லிமீற்றர் ரெஜிஃபோமை (இலேசான வெள்ளை நுரைப்பலகையை) வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். ரெஜிஃபோமின் அருகில் ஸ்பிரே பெயின்ற், தின்னர், பொலியெஸ்ரர் ரெசின் ஆகியவற்றைக் கொண்டுவரவே கூடாது. அவை அதைக் கரைத்துப் பள்ளமாக்கிவிடும். தண்ணீரில் கரையும் பெயின்ற் மட்டுமே இங்கு பாதுகாப்பானது. அதன் மேல் 3 மில்லிமீற்றர் கார்க் தாளை ஒட்டி, வளையும் தண்டவாளத்தை வைக்கலாம். அதை நேர்கோட்டில் போடாமல், கரையின் வளைவுக்கேற்ப மிக மெல்லிய வளைவொன்றைக் கொடுத்தால் தளத்தின் தோற்றமே மாறிவிடும்.

தடம் மாற்றும் பிரிகளை இத்தளத்தில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவை விலை கூடியவை, பழுதுக்கு இடம் கொடுப்பவை. அதோடு, இரு தடங்களில் வண்டிகள் வந்து போவதே இந்தப் பாதையின் இயல்பு. தட்டின் இரு முனைகளிலும் 60 சென்ரிமீற்றர் நீளமான பலகைத் துண்டுகளை, ஒவ்வொன்றிலும் ஒரு தண்டவாளத்துடன், கழற்றிப் பூட்டக்கூடியவாறு செய்துகொள்ளுங்கள். வண்டி அதன் மேல் ஏறியதும் துண்டைத் தூக்கி மறுமுனையில் வைத்தால், அதே வண்டி மீண்டும் வரும். வேண்டுமானால் வேறொரு வண்டி ஏறிய துண்டையும் வைக்கலாம். ஓட்டி முடிந்ததும் துண்டுகளை அலுமாரிக்குள் வைத்துவிடலாம். முனைகள் தெரியாதிருக்க ஒரு பக்கம் தென்னைகளும் தாழம்புதரும் மறைக்கட்டும். மறுபக்கம், வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் கலக்கும் இடத்துப் பாலத்தை வைத்து, அதற்கப்பால் பின்னணிச் சுவரில் ஒரு வாய் வெட்டலாம்.

வண்டிகள் இடப்பக்கத் தடத்தில் ஓடுபவை என்பதை மறவாதீர்கள். பார்ப்பவர் கடற்பக்கம் நின்று நிலத்தை நோக்குவதால் வடக்கு அவருடைய இடக்கைப் பக்கம் இருக்கும். ஆகவே கோட்டைக்குப் போகும் வண்டி கடலோரத் தடத்தில் வலமிருந்து இடமாகவும், காலிப் பக்கம் போகும் வண்டி உட்தடத்தில் இடமிருந்து வலமாகவும் ஓட வேண்டும். இது மாறினால், தினமும் அந்த வழியில் போய்வருபவர் தளத்தைக் கண்டவுடனேயே ஏதோ பிழை என்று உணர்ந்துவிடுவார்.

மின்சார வேலை எளிது. 12 வோல்ற் நேர்மின் கட்டுப்படுத்திகள் இரண்டை, தடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். மூட்டுகளில் உள்ள உலோக இணைப்பான்களை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் இரண்டு சிறு கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்து, பலகையின் கீழே ஓடும் தடித்த கம்பியுடன் சேருங்கள். உப்புக்காற்றில் இணைப்பான்கள் களிம்பேறி மின்சாரத்தைத் தடுக்கும். அப்படி ஆகும்போது இந்தச் சிறு கம்பிகள்தான் வண்டியை ஓட்டும். கம்பியும் ஈயமும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கலாம்.

இனிக் கல் பரப்புதல். உண்மையான பாதையின் கல் 50 முதல் 65 மில்லிமீற்றர் இருக்கும். 1:160 இல் அது அரை மில்லிமீற்றரையும் எட்டாது. கடையில் விற்கும் பொதிகளில் பல இந்த அளவைவிடப் பருமனானவை. கட்டடப் பொருட் கடையில் கிடைக்கும் கருங்கல் தூளைக் கழுவிக் காயவைத்து, முதலில் தேநீர் வடியிலும் பின்பு மெல்லிய துணியிலும் சலித்து, வடியில் கீழிறங்கித் துணியில் தங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமும் நம் ஊர்க் கல்லின் நிறமாகவே இருக்கும். கடற்கரை மணலைப் பயன்படுத்த வேண்டாம். அதில் உப்பு இருப்பதோடு, நம் கரைகளின் மணலில் கலந்துள்ள கரிய தாதுத் துகள்கள் காந்தத்தில் ஒட்டக்கூடியவை. அவை இயந்திரத்தின் மோட்டருக்குள் புகுந்தால் அதைப் பழுதாக்கிவிடும். கருங்கல் தூளானாலும் பரப்புமுன் காந்தமொன்றைப் பொலித்தீனில் சுற்றி அதற்குள் ஒருமுறை துழாவி எடுங்கள். தூளைச் சிலிப்பர் கட்டைகளுக்கிடையே தூரிகையால் சமப்படுத்தி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரை மென்மையாகத் தெளித்து, பின்பு ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மழைக்காலத்தில் இது காய இரண்டு நாளுக்கு மேலும் ஆகலாம். மின்விசிறியைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

கரையோரப் பாதைக்கு அதன் முகத்தைக் கொடுப்பது துருதான். தண்டவாளத்தின் பக்கங்களுக்குக் கபிலத்துடன் செம்மஞ்சள் சற்றுத் தூக்கலாகக் கலந்து பூசுங்கள்; மேற்பரப்பை உடனே துடைத்துவிட வேண்டும். வேலிக் கம்பிகள், மின்கம்பங்களின் அடி, மேடைக் கூரையின் தகட்டு விளிம்பு ஆகியவற்றிலும் கடலைப் பார்க்கும் பக்கத்தில் துரு கூடுதலாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருக்கட்டும். ஒரு மாலைப் பொழுதில் நிலையத்துக்குச் சென்று, நிலைய அதிபரிடம் அனுமதி பெற்றுச் சில படங்கள் எடுத்துக்கொண்டால் இவை யாவும் கண்முன்னே இருக்கும்.

அலைதடுப்புப் பாறைகளுக்குக் கருங்கற் சில்லுகளே சிறந்தவை. ஒரு மீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் வரையான பாறை 6 முதல் 9 மில்லிமீற்றர் வரும். அவற்றை வரிசையாக அடுக்காமல் கொட்டியதுபோல் ஒட்டி, நீர்மட்டத்துக்கு அருகே கரும்பச்சை நிறத்தை மெல்லியதாகத் தடவுங்கள். கடலுக்குப் பலகையின் மேல் ரிஷூத் தாளை வெள்ளைப் பசையில் நனைத்து விரித்து, விரலால் கரைக்கு இணையாகச் சுருக்கி அலைகளை எழுப்பலாம். காய்ந்த பின் கரையருகே மணல் கலந்த பச்சையும் முன்விளிம்பை நோக்கி நீலச் சாம்பலுமாகப் பூசி, பளபளக்கும் வார்னிஷை மூன்று நான்கு தடவை கொடுக்க வேண்டும். நுரைக்கான வெள்ளையை அலை உடையும் இடங்களில் மட்டும், உலர்ந்த தூரிகையால் தொட்டு வையுங்கள்.

ஓடும் வண்டியைப் பொறுத்தவரை, இலங்கை வண்டிகளின் 'என்' அளவு மாதிரிகளைக் கடையில் எதிர்பார்க்க முடியாது. நன்றாக ஓடும் வெளிநாட்டு அடிச்சட்டமொன்றை வாங்கி, மேலுடலைப் பிளாஸ்ரிக் தகட்டிலோ முப்பரிமாண அச்சிலோ செய்துகொள்வதே வழி. தொடக்கத்துக்கு, கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்து அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய எம்2 இயந்திரம் பொருத்தமானது. அதன் உடல் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனது.

பெயர்ப்பலகையில் தனிக் கவனம் செலுத்துங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று வரிகள்; இரண்டு மீற்றர் அகலப் பலகை 12.5 மில்லிமீற்றருக்குள் அடங்க வேண்டும். கணினியில் பெரிதாக எழுதிச் சுருக்கி, லேசர் அச்சுப்பொறியில் மழுமழுப்பான தாளில் எடுத்தால் 'வெள்ளவத்தை' என்பதன் சுழிகள் அடைபடாமல் வரும். மை பீய்ச்சும் அச்சுப்பொறியில் அவை கசிந்துவிடும். மனித உருவங்களை மேடையில் சீராகப் பரப்பாமல், கூரை நிழலில் கூட்டமாகவும் வெயிலில் ஒருவர் இருவராகவும் நிறுத்துங்கள். வண்டியின் மிதிபலகைகளில் சிலரைத் தொங்க விடவும் மறவாதீர்கள்.

தளத்தை ஓட்டாத வேளைகளில் மெல்லிய துணியால் மூடிவைத்து, ஓட்டுமுன் தண்டவாளத்தின் மேற்பரப்பை மண்ணெண்ணெய் மிகக் குறைவாகத் தொட்ட பஞ்சுத் துணியால் துடைத்து, பின்பு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அது ஏற்படுத்தும் நுண்ணிய கீறல்களில்தான் அடுத்த அழுக்கு விரைவாகப் படியும். தண்டவாளத்தைத் துடைக்கும் போதெல்லாம் வண்டிகளின் சில்லுகளையும் அதே துணியால் துடைத்துவிடுங்கள்.