ஏரியடிச் சேற்றை அடுக்குக் கலையாமல் எடுப்பது எப்படி?

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், குட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளீயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரிகளாகிவிட்டன. சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. மலேசியாவில் செம்பனையை முதன்முதலில் வணிகத்துக்காக நட்ட தென்னமாரம் தோட்டம் 1917-ல் இந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது. காட்டை அழித்தபோதும், பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்தபோதும் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டுபோய் நீர்நிலைகளின் அடியில் படியவைத்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்து, தோட்டத்துப் பேரேடுகள் தொலைந்துபோன பிறகும் அந்தப் படிவு, பழையது அடியிலும் புதியது மேலுமாக, அடுக்கடுக்காக அப்படியே கிடக்கிறது. அதை எடுத்துப் படிக்க நம் பிள்ளைகள் பழக வேண்டும் என்பது என் ஆசை. ஒரு குட்டையின் சேறு அந்தக் குட்டை உண்டான நாளிலிருந்துதான் கதை சொல்லும். அதனால் முதலில் அதன் வயதை ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து வையுங்கள்.

புதிதாக வருபவர்கள் எவ்வளவு ஆழத்துக்கு எடுக்கலாம் என்றுதான் கேட்பார்கள். பல மீட்டர் ஆழத்துக்கு ஏரி ஆய்வாளர் லிவிங்ஸ்டன் 1955-ல் வெளியிட்ட பிஸ்டன் கருவி போன்றவை இருக்கின்றன. எக்மேன் போன்ற அள்ளும் கருவிகள் சேற்றைக் கலக்கிவிடும். என்னைக் கேட்டால், தொடக்கத்தில் ஆழத்தைவிட மேல் இரண்டு சென்டிமீட்டர்தான் முக்கியம். பஞ்சுபோல் மிதக்கும் அந்த அடுக்கு கலைந்தால் அண்மைக் காலம் முழுக்கப் போய்விடும். மூன்று மீட்டருக்குள் தண்ணீர் உள்ள இடத்தில், கையால் அழுத்தும் குழாயே போதும்.

குழாயும் வால்வும்

ஆறேழு சென்டிமீட்டர் உள்விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள, கண்ணாடிபோல் தெரியும் அக்ரிலிக் குழாய் வாங்குங்கள். இதைவிட ஒல்லியாக இருந்தால் சுவரில் உரசியே சேறு அமுங்கிப்போகும். கீழ் விளிம்பை வெளிப்பக்கமாக மட்டும் சாய்வாக அரத்தால் ராவி கூர்மையாக்குங்கள்.

மேல்முனையில் பிவிசி மூடி ஒன்றைக் காற்றுப் புகாதபடி சிலிக்கான் வைத்து ஒட்டுங்கள். மூடியில் நான்கு துளைகள் போட்டு, டயர் டியூபிலிருந்து வட்டமாக வெட்டிய ரப்பரை மேலே வைத்து, நடுவில் ஒரே ஒரு போல்ட்டால் பிடியுங்கள். வால்வு இதுதான். குழாய் இறங்கும்போது தண்ணீர் ரப்பரைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். தூக்கும்போது ரப்பர் துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே வழி இல்லாவிட்டால், இறங்கும் குழாய் தனக்கு முன்னால் தண்ணீரைத் தள்ளி அந்தப் பஞ்சு அடுக்கை ஊதித் தள்ளிவிடும்.

சோதிக்க ஒரு தண்ணீர் டிரம் போதும். குழாயை முழுக்க முக்கி, கீழ்முனை தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி மேலே தூக்குங்கள். உள்ளே தண்ணீர் மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் ஏரிக்குப் போக வேண்டாம்.

கம்புக்கு அலைய வேண்டியதில்லை. செம்பனைக் குலை வெட்டும் அலுமினியக் கம்பு நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. குழாயின் மேல்பகுதியில் ரப்பர்ப் பட்டை சுற்றி, அதன்மேல் இரண்டு கிளிப்புகளால் கம்பை இறுக்குங்கள். மின்கம்பிக்கு அருகில் இந்தக் கம்பை ஒருபோதும் நிமிர்த்தக் கூடாது.

ஏரியில்

அனுமதி வாங்குங்கள். சிலாங்கூர் நீர்நிலைகளுக்கு மாநில நீர் நிர்வாக வாரியமான லுவாஸையும், தோட்டத்துக் குட்டையென்றால் நிர்வாகத்தையும் கேட்க வேண்டும். ஈயக்குட்டைகளின் கரை சடாரென்று ஆழமாகும். தனியாகப் போகாதீர்கள், உயிர்காப்புச் சட்டை இல்லாமல் படகில் ஏறாதீர்கள். பிற்பகல் இடிமழைக்கு முன்பே, காலையிலேயே வேலையை முடித்துவிடுங்கள். எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு, அதனால் கையுறையும் பூட்ஸும் கட்டாயம்.

படகை முன்னும் பின்னும் நங்கூரமிட்டு, கல் கட்டிய கயிற்றால் ஆழம் பாருங்கள். குழாயை மெதுவாக, மிக மெதுவாக இறக்குங்கள். சேற்றைத் தொட்டதும் கையில் தெரியும். அங்கே சற்று நிறுத்தி, பிறகு திருகாமல் நேராக ஒரே சீராக அழுத்துங்கள். சேற்றுக்கு மேல் ஒரு சாண் தண்ணீராவது குழாய்க்குள் இருக்க வேண்டும். எவ்வளவு தூரம் அழுத்தினோம் என்பதைக் கம்பில் போட்ட அடையாளத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த சேறு அதைவிடக் குறைவாக இருந்தால், அமுங்கிய அளவு தெரியும்.

இழுக்கும்போது அவசரம் கூடாது. கீழ்முனை தண்ணீரைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே கூட்டாளி கையை விட்டு ரப்பர் அடைப்பானைச் செருகிவிட வேண்டும். வெளியே வந்தபிறகு அடைக்கலாம் என்று நினைத்தால் எல்லாம் பொத்தென்று கொட்டிவிடும். சேற்றுக்கு மேலுள்ள தண்ணீர் தெளிவாகவும் சேற்றின் முகம் மட்டமாகவும் இருந்தால் நல்ல மாதிரி. கலங்கியிருந்தால் தயங்காமல் கொட்டிவிட்டு, சில மீட்டர் தள்ளி மறுபடி எடுங்கள்.

கரையில்

குழாயைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே கரைக்குக் கொண்டுவாருங்கள். சிலிக்கானை அறுத்து மூடியைக் கழற்றி, மேல் தண்ணீரைச் சின்ன டியூபால் உறிஞ்சி எடுங்கள். அப்புறம் அடைப்பானை ஒரு முட்டுக்கட்டைமேல் நிறுத்திக் குழாயைக் கீழே அழுத்தினால் சேறு மேலே எழும்பும். ஒரு சென்டிமீட்டர் எழும்பியதும் தகட்டால் சீவி எடுங்கள். சுவரில் உரசிய ஓரத்தை நீக்கிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் பையில் போட்டு இடம், தேதி, ஆழம் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழுவ வேண்டும்.

பைகளை 4 டிகிரி குளிரில், இருட்டில் வையுங்கள். வயது கணிக்க ஆய்வகத்தில் காரீயம்-210 சோதனை கேளுங்கள்; இது சேற்றில் இயற்கையாகப் படிந்து மெல்லச் சிதையும் கதிரியக்கப் பொருள். அதன் அரையாயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 22 ஆண்டுகள் என்பதால், நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் வரை கணக்கிட முடியும். அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து விழுந்து, உச்சமான 1963-ஐக் காட்டும் சீசியம்-137 பூமத்திய ரேகைப் பக்கம் குறைவாகவே விழுந்திருக்கிறது; அதைத் துணைச் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.