கீழடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழைய சாமான் கடைக்காரன் சொல்வது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் விற்கிறவன் நான். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் மதுரைக்குப் பக்கத்தில், மண்ணைத் தோண்டி எடுத்த பழங்காலச் சாமான்களை வைத்திருக்கும் கீழடி அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய்விட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் இரண்டே வகை. "கட்டடம் பிரமாதம்" என்பது ஒன்று. "உள்ளே என்னண்ணே, வெறும் ஓடாவுல்ல வச்சிருக்காக" என்பது மற்றொன்று. இரண்டாவதாகச் சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உடைந்த பானை ஓட்டைப் பார்க்கத் தெரிந்துகொண்டு போனால் அரை நாள் போதாது.

முதலில் வழி. காரைக்குடியிலிருந்து காரில் போகிறவர்கள் கல்லல், சிவகங்கை வழியாகத் திருப்புவனம் பக்கம் போய்ச் சேரலாம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் மதுரை பஸ் திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போவது. அது கீழடிப் பக்கமே வராது. மதுரையில் இறங்கி, ராமேஸ்வரம் சாலையில் போகும் பஸ்ஸைப் பிடித்து, சிலைமானைத் தாண்டிக் கீழடிக்குப் பிரியும் இடத்தில் இறங்க வேண்டும். வார விடுமுறை என்றைக்கு என்று கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். திறந்தவுடன் உள்ளே போய்விடுவது நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ்கள் வந்து நின்றுவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைக்காது.

2023 மார்ச் 5-ஆம் தேதி திறந்த கட்டடம் அது. சுமார் 31,000 சதுர அடி. தூண், முற்றம், ஓட்டுக்கூரை எல்லாம் நம் ஊர்ப் பாணி. நம்மவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். கானாடுகாத்தான் ஆச்சி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார். "நம்ம வளவு மாதிரியே கட்டியிருக்காக தம்பி, ஆனா தூண் கொஞ்சம் ஒல்லி" என்று ஆரம்பித்து, நிலைக்கதவு, தாழ்வாரம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பது வரைக்கும் போய்விட்டது பேச்சு. உள்ளே நுழையும்போது அவருக்குக் கால் வலி வந்துவிட்டது. அதனால் கட்டடத்தைக் கடைசியில் பாருங்கள். போட்டோவையும் அப்போதே எடுத்துக்கொள்ளலாம். காலில் தெம்பும் கண்ணில் தெளிவும் இருக்கும்போது ஓடுகளிடம் போய்விடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கடையில் ஒரு சாமான் வந்தால் நாங்கள் முதலில் அதைத் திருப்பி அடியைப் பார்ப்போம். பீங்கான் பூச்சுத் தட்டு என்றால் அடியில் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று முத்திரை இருக்கும். பித்தளை அடுக்கு என்றால் பெயர் வெட்டியிருக்கும். அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எந்த வீட்டு இரண்டாங்கட்டில் இருந்தது, யாருடைய சீரில் வந்தது, பக்கத்தில் வேறு என்ன வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் பங்கு பிரித்து வண்டியில் ஏற்றும்போதே போய்விட்டது. நான் விற்பது இடத்தை இழந்த சாமான். எவ்வளவு அழகாக இருந்தாலும் அவ்வளவுதான்.

கீழடியில் இருப்பது இதற்கு நேர் எதிர். அங்கே அழகு குறைவு, இடம் முழுசாக இருக்கிறது. எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எத்தனை செண்டிமீட்டர் ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்துத்தான் தோண்டியிருக்கிறார்கள். 2014-15-இல் இந்தியத் தொல்லியல் துறை, அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் தோண்ட ஆரம்பித்தது. நான்காம் கட்டத்திலிருந்து, அதாவது 2018-லிருந்து, தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தோண்டுகிறது. அந்த நான்காம் கட்டத்தில் எடுத்த கரித்துண்டு மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிக் காலம் பார்த்தார்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 580 என்று வந்தது. 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205. ஒன்றரை மீட்டர் மண்ணுக்கு நடுவில் முந்நூற்றுச் சொச்சம் வருஷம்! நாம் பார்க்கும் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவற்றின் வயது அதில் பாதிகூட வராது. இந்த இரண்டு எண்களை மனசில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். ஒரு பொருளைப் பார்த்ததும் "இது எவ்வளவு பழசு" என்பதற்கு முன்னால் "இது எவ்வளவு ஆழம்" என்று கேட்டுப் பழகினால், மீதி தானாக வரும்.

ஓடு பார்க்கும் முறை. முதலில் நிறம். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, விளிம்பு மட்டும் கருப்பு என்று ஒரு வகை நிறைய இருக்கும். பானையைக் கவிழ்த்துச் சூளையில் வைத்தால் வாய்ப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் காற்றுப் போகாது, அது கருத்துப்போகும். காற்றுப்பட்ட பக்கம் சிவக்கும். இதைத் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு துண்டிலும் சூளை தெரியும். அடுத்தது, எழுத்து இருக்கும் ஓடுகள். நான்காம் கட்டத்தில் மட்டும் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர்கள். இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். கோடுகளின் ஆழம், சாய்வு, எழுத்தின் அளவு ஒன்றுபோல் இல்லை. பெரும்பாலும் பானை வெந்த பிறகு தோள்பட்டையில் கீறியவை. குயவர் ஒருவரே உட்கார்ந்து எழுதியிருந்தால் கை ஒன்றாக இருந்திருக்கும். பானைக்குச் சொந்தக்காரர்களே கீறியிருக்க வேண்டும் என்று தொல்லியல்காரர்கள் சொல்வது அதனால்தான். ஆச்சி இதைப் பார்த்ததும் சொன்னது: "நாம பாத்திரத்துல பேரு வெட்டுறாப்லதான்." அவ்வளவுதான் விஷயம். கல்யாண வீட்டுக்கு இரவல் போன பாத்திரம் திரும்பி வர வேண்டுமே.

"இந்த ஓட்டுக்கு என்னண்ணே விலை போகும்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். என் கடைக்கு உடைந்த பானைத் துண்டு வந்தால் குப்பைக்குப் போகும். விலை கேட்கும் புத்தியைக் கீழடி வாசலில் செருப்போடு கழற்றி வைப்பது உத்தமம். தங்க அணிகலன் ஏழு கிடைத்ததைக் கேள்விப்பட்டு நேரே அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. தாராளமாகப் பாருங்கள், சின்னஞ்சிறிய துண்டுகள்தான். பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

கைத்தொழில் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது இன்னொரு வழி. இதைத்தான் நான் ரொம்ப வலியுறுத்துவேன். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தறியில் உட்கார்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படி ஒருவரோடு தக்களிகளின் முன்னால் நின்றேன். நூல் நூற்கச் சுழற்றும் சுடுமண் உருண்டைகள், கூர்முனையுள்ள எலும்புக் கருவிகள், செப்பு ஊசி. எனக்கு அது வெறும் உருண்டை. அவரோ கனம் கூடியது எது, குறைந்தது எது, எதில் மெல்லிய நூல் வரும் என்று பேசிக்கொண்டே போனார். பலகையில் இருந்ததைவிட அவர் சொன்னதுதான் எனக்குப் பிடிபட்டது. தச்சர், கொத்தனார், சமையல்காரர் என்று யாரானாலும் சரி, அவரவருக்கென்று ஒரு பெட்டி அங்கே இருக்கிறது. சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறு பற்றிய பகுதியில் கொத்தனாரை முன்னால் விடுங்கள்.

பிள்ளைகளோடு போனால் வரிசையாகப் போக வேண்டாம். விளையாட்டுச் சாமான்களில் ஆரம்பியுங்கள். பானை ஓட்டை உரசி வட்டமாக்கிய சில்லுகள், ஆட்டக்காய்கள், தந்தத்தில் செய்த பகடை. சில்லு விளையாட்டும் தாயமும் தெரியாத பிள்ளைகள் இப்போது உண்டு. முதல் நாள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஆட்டம் போட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள். உடைந்த ஓட்டையும் யாரும் வீணாக்கவில்லை என்பது அங்கே பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

கடல் வணிகப் பகுதியில் சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் செய்த மணிகளையும் ரோமானியத் தொடர்பு சொல்லும் ஓடுகளையும் பாருங்கள். சூதுபவளக் கல் குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பர்மாவுக்குக் கப்பலேறிய ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிதாக விளக்கம் தேவைப்படாது. வீடியோக்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் கூட்டம் அங்கேதான் தேங்கும். கால் ஓய்ந்தபிறகு அதன் முன்னால் உட்காருங்கள். அருங்காட்சியகம் இருப்பது கொந்தகையில். கீழடி மக்கள் வாழ்ந்த இடம் என்றால் கொந்தகை அவர்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். அந்த முதுமக்கள் தாழிகளை, வாழ்வியல் பகுதியைப் பார்த்து முடித்தபிறகு பாருங்கள். முன்னால் பார்த்தால் பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும்.

ராஜா, சிம்மாசனம், சாமி சிலை என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குக் கீழடி சரிப்படாது. அவர்களுக்கு நான் சொல்வது புதுக்கோட்டை, திருக்கோகர்ணம். 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம், செப்புத் திருமேனிகளும் கற்சிலைகளும் ஆயுதங்களும் உண்டு. நமக்குக் கீழடியைவிடப் பக்கம். சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூரில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரைப் பார்க்காமல் வரக்கூடாது.

கடைசியாக ஒன்று. கீழடி பார்த்துவிட்டு வந்தபிறகு நம் கிராமத்துக் கொல்லையில், கண்மாய்க் கரையில் கிடக்கும் கருப்பு-சிவப்பு ஓடுகள் கண்ணில் படும். கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது தாழியோ காசோ தட்டுப்பட்டால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். மண்வெட்டியை நிறுத்திவிட்டு, கிடந்தபடியே ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். மேல்மட்டத்திலிருந்து ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. துணியில் சுற்றி, "அண்ணே, இது என்னன்னு பாருங்க" என்று என் கடைக்குக் கொண்டுவராதீர்கள். திருப்பி அடியைப் பார்ப்பேன், அங்கே முத்திரை இருக்காது.