உவர்நீர் மீன் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடைப்பட்ட உப்புள்ள நீரே உவர்நீர். சென்ற மாதம் கோவையில் புதிதாக உவர்நீர் மீன் தொட்டி வைத்த இளைஞர் ஒருவர், "எங்க போர்த் தண்ணியே உப்புத்தாங்க, தனியா உப்பு எதுக்குங்க?" என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே சொற்கள் அவை. அதிகமாகத் தீனி போடாதீர்கள் என்பன போன்ற அறிவுரைகளை எல்லோரும் அறிவர் என்பதால் விட்டுவிடுகிறேன்.

போர்த் தண்ணீரை உவர்நீர் என நம்புவது

கொங்கு நாட்டில் சிறுவாணி நீரை நல்ல தண்ணீர் என்றும், குடிக்க ஒவ்வாத கிணற்று நீரையெல்லாம் உப்புத் தண்ணீர் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம்; அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. டிடிஎஸ் (நீரில் கரைந்த பொருள்களின் மொத்த அளவு) 2000 காட்டும் போர்த் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் கரைபொருளே இருக்கிறது. உவர்நீரின் தொடக்கநிலையான 1.005 ஒப்படர்த்திக்கே (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; உப்பு கூடினால் இதுவும் கூடும்) லிட்டருக்குச் சுமார் 7 கிராம் உப்பு வேண்டும். ஸ்கேட், மோனோ எனும் உவர்நீர் மீன்கள் வளர்ந்தபின் அவற்றுக்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தேவை.

நான் வாங்கிய ஆறு ஸ்கேட் குஞ்சுகள் போர்த் தண்ணீரில் நான்கு மாதம் நன்றாகத் தின்றன. குஞ்சுப் பருவத்தில் அவை நன்னீரையும் தாங்கும் என்பதால்தான் கடையில் நன்னீரிலேயே வைத்து விற்கிறார்கள். உப்பு தேவையில்லை என்பதற்கு மீன் உயிரோடு நீந்துவதையே சான்றாகவும் காட்டுகிறார்கள், அது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. பிறகு நிறம் கறுத்தது, துடுப்புகள் அழுகின, மருந்துக்கு மேல் மருந்து ஊற்றியும் நான்கு செத்தன. மிஞ்சிய இரண்டைக் காப்பாற்ற ஒரே இரவில் கல்லுப்பைக் கொட்டினேன். விடிவதற்குள் அவையும் போயின. கல்லுப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மீனுக்குத் தேவையான கால்சியம், மக்னீசியம், காரத்தன்மையை நிலைநிறுத்தும் கார்பனேட்டுகள் ஆகியவற்றை அது தராது. கடல்மீன் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையையே வாங்குங்கள். ஒப்படர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் அளந்து பாருங்கள்.

உப்பை ஒரேயடியாக ஏற்றுவது

வாளியில் காற்றுக்குழாய் வைத்து ஒரு நாள் முழுதும் கரைத்த பிறகே சேர்க்க வேண்டும். ஒப்படர்த்தியை வாரத்துக்கு 0.002 அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். வடிகட்டியில் வாழ்ந்து மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் பழக வேண்டும்.

குறைந்த நீருக்கு உப்பு நீர் ஊற்றுவது

நீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் நாட்களில் மட்டம் விரைவாக இறங்கும். அதை நல்ல தண்ணீரால் மட்டுமே நிரப்புங்கள்.

ஸ்கேட்டை வெறுங்கையால் பிடிப்பது

துடுப்பு முட்களில் நஞ்சு உண்டு.

எல்லா மீனுக்கும் ஒரே தீனி

ஸ்கேட்டுக்கு வேகவைத்த கீரையும் பட்டாணியும் கட்டாயம் வேண்டும். பச்சைப் புள்ளிப் பஃபர் என்னும் உவர்நீர் மீனுக்கோ பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடுள்ள நத்தையைக் கடித்துத் தேய்க்காவிட்டால் வாயைத் திறக்க முடியாமல் பட்டினியில் இறந்துவிடும். குளத்து நத்தைகளோடு ஒட்டுண்ணியும் வரக்கூடும் என்பதால், தனி வாளியில் நத்தை வளர்த்து வாரம் இருமுறை இடுகிறேன்.