பாலஸ்தீனமும் அறப்போராட்டமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறப்போராட்டங்கள் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு வகுப்பெடுத்து, அவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துகிறேன். பாலஸ்தீனம் என்று தலைப்புக் கொடுத்தால் போதும், எழுதத் தொடங்கிய காலத்தில் நான் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். ஆண்டு மாறுவது, ஊர்ப்பெயர் பிசகுவது எல்லாம் திருத்தினால் தீர்ந்துவிடும். கீழே சொல்லும் தவறுகள் அப்படித் தீராதவை.

"அங்கே ஒரு காந்தி இல்லையே" என்று தொடங்குவது

இருந்தார்கள். பாலஸ்தீனரான முபாரக் அவாத் ஜெருசலேமில் அகிம்சை ஆய்வு மையம் நடத்தினார். 1988 ஜூனில் இஸ்ரேல் அவரை நாடுகடத்தியது.

எதிரியின் மனம் உருகும் என்று நம்புவது

இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். அருமையாகப் பேசிய ஒரு மாணவி, துன்பத்தைத் தாங்கிக்கொண்டே இருந்தால் இஸ்ரேலின் மனசாட்சி ஒருநாள் விழிக்கும் என்று முடித்தார். பலத்த கைதட்டல். மறுத்துப் பேசிய மாணவர், அது விழிக்காது, அதனால் ஆயுதம்தான் வழி என்றார். அதற்கும் கைதட்டல். இருவரும் செய்தது ஒரே தவறு. ஆள்பவர் நம்மை எதற்கெல்லாம் நம்பியிருக்கிறார் என்று இருவருமே கேட்கவில்லை. அறப்போராட்டத்தின் பலமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இந்தியக் குமாஸ்தாவும் இந்தியப் போலீசும் இந்திய வரிப்பணமும் இல்லாமல் பிரிட்டிஷ் ஆட்சி நடந்திருக்காது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் கறுப்பினத் தொழிலாளர் இல்லாமல் ஓடியிருக்காது. 1987 டிசம்பரில் முதல் இன்திஃபாதா, அதாவது பாலஸ்தீன மக்கள் எழுச்சி, வெடித்தபோது, இஸ்ரேல் ஆக்கிரமித்திருந்த மேற்குக் கரையிலிருந்தும் காசாவிலிருந்தும் சுமார் ஒரு லட்சம் பேர் இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போய்வந்தார்கள். அதனால் வேலைநிறுத்தம் உறைத்தது. பெத்லகேமை அடுத்த பெய்த் சஹூர் என்ற ஊர், தனக்குக் குரல் இல்லாத ஆட்சிக்கு வரி கட்ட முடியாது என்று நின்றது. 1989 செப்டம்பரில் ராணுவம் அந்த ஊரை ஆறு வாரம் போல அடைத்துவைத்து, வீடு வீடாகப் புகுந்து வரிப்பாக்கி என்று சாமான்களை அள்ளிப்போனது. அதைக் கண்டிக்க ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு வந்த தீர்மானத்தை நவம்பரில் அமெரிக்கா வீட்டோ செய்தது.

அப்புறம் நடந்ததை யாரும் எழுதுவதில்லை. 1990களில் இஸ்ரேல் எல்லைகளை அடிக்கடி அடைத்து, தாய்லாந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆள் கொண்டுவந்தது. பாலஸ்தீனர் வேலைக்குப் போகாவிட்டால் அதிகம் பட்டினி கிடப்பது பாலஸ்தீனர் வீடு என்றாயிற்று. ஆக்கிரமித்த நிலத்தில் யூதக் குடியிருப்புகள் கட்டுவோருக்கு வேண்டியது நிலம். அங்கே வாழும் மக்களின் ஒத்துழைப்பு அல்ல. காந்தியின் உப்பை இங்கே அப்படியே தூவ முடியாததற்கு இதுதான் காரணம்.

ஆகவே பிடி வேறு இடத்தில் இருக்கிறது: இஸ்ரேலிய சமூகத்துக்குள் இருக்கும் பிளவிலும், வெளிநாடுகள் தரும் ஆயுதத்திலும் வணிகத்திலும். முதல் இன்திஃபாதா அந்தப் பிளவைத் தொட்டது. 1991 மாட்ரிட், 1993 ஆஸ்லோ பேச்சுகளுக்குப் பின்னால் அந்த அழுத்தமும் இருந்தது. இரண்டாம் இன்திஃபாதாவின் தற்கொலைத் தாக்குதல்கள் இஸ்ரேலிய சமாதான அணியை நொறுக்கின. 2005இல் தொடங்கிய, இஸ்ரேலைப் புறக்கணிக்கக் கோரும் இயக்கம் வெளிநாடுகளைப் பிடித்துப் பார்க்கிறது. அமெரிக்கா அசையாதவரை ஆக்கிரமிப்பு முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அமெரிக்காவை அசைக்கத் துப்பாக்கியைவிட இந்த வழிக்கே வாய்ப்பு அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேமரா இருந்தால் சுட மாட்டார்கள் என்று எழுதுவது

2018 மே 14, காசா எல்லை வேலி. உலகம் பார்த்துக்கொண்டிருக்க, இஸ்ரேல் ராணுவம் சுட்டதில் ஒரே நாளில் ஏறத்தாழ 60 பாலஸ்தீனர் கொல்லப்பட்டார்கள்.

கல்லை மறைப்பது

முதல் இன்திஃபாதாவில் கல்லும் பெட்ரோல் குண்டும் இருந்தன. எழுதுங்கள்.

சிறு வெற்றியை ஊதுவது, அல்லது ஒதுக்குவது

2003-04இல் மேற்குக் கரையில் இஸ்ரேல் தடுப்புவேலி கட்ட வந்தபோது, புத்ருஸ் கிராமத்துப் பெண்கள் புல்டோசர்களின் முன் நின்றார்கள்; இஸ்ரேலியர் சிலரும் கூட நின்றார்கள். வேலியின் பாதை மாறி, ஆலிவ் தோப்புகளில் பெரும்பகுதி தப்பியது. 2017 ஜூலையில் ஜெருசலேமின் அல்-அக்சா மசூதி வாசலில் இஸ்ரேல் வைத்த உலோகச் சோதனைக் கருவிகளை ஏற்க மறுத்து மக்கள் தெருவிலேயே தொழுதார்கள். இரண்டே வாரத்தில் கருவிகள் போயின. மேற்குக் கரையின் பில்இன் கிராமம் அதே வேலியை எதிர்த்து 2005 முதல் வெள்ளிக்கிழமைதோறும் ஊர்வலம் போனது. 2007 செப்டம்பரில் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் வேலியை மாற்றச் சொன்னது. உண்மையில் மாறியது 2011இல். அதே நீதிமன்றம், அந்தக் கிராமத்து நிலத்தில் ஏற்கெனவே எழும்பியிருந்த யூதக் குடியிருப்பை இடிக்கச் சொல்லவில்லை. பில்இன் பற்றி எழுதுகிறவர் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுத வேண்டும்.