பள்ளிக் கணினிகளில் உலாவி நீட்டிப்பை எல்லாருக்கும் நிறுவ

பல மாணவர்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினியில் உலாவி நீட்டிப்பை (உலாவிக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரலை) நேரடியாக நிறுவினால், அது அப்போது உள்நுழைந்திருந்த கணக்கில் மட்டுமே இருக்கும். அடுத்த மாணவர் தம் கணக்கில் நுழைந்ததும் அதைக் காணமாட்டார். ஆகவே, விண்டோஸ் கணினிகளில் குரூப் பாலிசியில் (நிர்வாகி அமைப்புகளை வகுக்கும் விண்டோஸ் கருவி) குரோமுக்கான பாலிசி வார்ப்புருக்களை, அதாவது குரோமின் அமைப்புகளை அதில் காட்டும் கோப்புகளை, சேர்த்துக்கொண்டு, பயனர் பிரிவில் அல்லாமல் கணினிப் பிரிவில் கட்டாய நிறுவல் பட்டியலை இயக்கி, அதில் நீட்டிப்பின் அடையாளக் குறியீட்டை இடுவதே சரியான வழி. குரோம் வெப் ஸ்டோரில் அந்த நீட்டிப்புப் பக்கத்தின் முகவரியிலேயே, 32 எழுத்துகள் கொண்ட தொடராக அக்குறியீடு இருக்கும். அதில் எண்களே வருவதில்லை. கேள்விக்குறியும் அதன் பின் வருவனவும் இருந்தால் விட்டுவிட வேண்டும் (பெரும்பாலான சிக்கல்கள் இந்த நகலெடுப்பில்தான் தொடங்குகின்றன). இவ்வாறு நிறுவியதை மாணவர்களால் நீக்கவோ முடக்கவோ இயலாது. அதே குரூப் பாலிசியில் உள்ள நீட்டிப்புத் தடைப் பட்டியலில் நட்சத்திரக் குறி (*) ஒன்றை இட்டால் பிற நீட்டிப்புகள் யாவும் தடைபடும், கட்டாயப் பட்டியலில் உள்ளவை மட்டும் இயங்கும். பொதுக் கணினிகளில் இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். பயர்பாக்ஸில் இதே வேலையை, அதன் நிறுவல் கோப்புறைக்குள் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற உட்கோப்புறையில் வைக்கும் பாலிசிக் கோப்பு செய்துவிடும். எல்லாக் கணினிகளுக்கும் அனுப்புவதற்கு முன், ஒரு கணினியில் மாணவர் கணக்கு இரண்டில் மாறி மாறி நுழைந்து, நீட்டிப்பு இரண்டிலும் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.