யூனி, மோனோ: 'ஒன்று' ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் நோட்டைத் திறந்தால் ஆங்கிலச் சொற்கள் அகர வரிசையில் பக்கம் பக்கமாக இருக்கும். அப்படி மனப்பாடம் செய்தது மறுவாரம் நிற்காது. குடும்பம் குடும்பமாகப் பிடித்தால்தான் நிற்கும். 'ஒன்று' என்ற குடும்பத்தில் தொடங்குவது நல்லது. சென்னைக்காரர்களுக்கு அதில் பாதிப் பேரை ஏற்கெனவே தெரியும்: ஸ்கூல் யூனிஃபார்ம், கரண்ட் பில் யூனிட், ஆண்டு விழா மேடையில் மோனோ ஆக்டிங்.

ஒன்றைக் குறிக்கும் முக்கியமான முன்னொட்டுகள் இரண்டு. 'யூனி' லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'ஊனுஸ்' என்றால் ஒன்று. 'மோனோ' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'மோனோஸ்' என்றால் தனித்தது.

படி 1: முதலில் காதைக் கேளுங்கள்

யு, என், ஐ என்ற மூன்று எழுத்தில் தொடங்குவதெல்லாம் 'யூனி' இல்லை. அன்இம்பார்ட்டன்ட், அன்இன்ஸ்டால் இரண்டும் அதே எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. ஆனால் அங்கே இருப்பது 'இல்லை' என்று மறுக்கும் 'அன்'. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'யூ' என்று தொடங்கினால் பெரும்பாலும் ஒன்று, 'அன்' என்று தொடங்கினால் மறுப்பு.

ஒரே எழுத்துக்கூட்டலை இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்பதற்கு ஒரு பழைய வேடிக்கை உண்டு. யூனியன் என்று எழுதி, பின்னால் 'ஐஸ்டு' சேர்த்து, அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளி ஒருவரிடம் காட்டினால் 'யூனியனைஸ்டு' என்பார், சங்கம் வைத்த கம்பெனி. வேதியியல் மாணவரிடம் காட்டினால் 'அன்-அயனைஸ்டு' என்பார், அயனியாகாத பொருள். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை.

மோனோ பக்கம் காதை இவ்வளவு நம்ப முடியாது. 'மங்க்' என்று ஒலிக்கும் துறவியைக் குறிக்கும் சொல், தனித்து வாழ்பவர் என்ற பொருளில் மோனோஸிலிருந்து வந்ததுதான். மண்டே, மான்சூன், மானிட்டர் மூன்றுக்கும் மோனோவோடு எந்த உறவும் இல்லை. மண்டே நிலாவின் நாள். மான்சூன், பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. இவற்றை நோட்டில் தனியாக ஒரு மூலையில் எழுதி வைத்துவிடுங்கள்.

படி 2: வெட்டுங்கள், மிச்சத்தைப் பாருங்கள்

முன்னொட்டை எடுத்துவிட்டால் மீதி என்ன சொல்கிறது? உண்மையான வேலை இதுதான். யூனிகார்னில் மிச்சம் 'கொம்பு'. யூனிலேட்டரலில் 'பக்கம்', நம் ஒருதலைப்பட்சம். யுனானிமஸில் 'அனிமஸ்', அதாவது மனம். தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதே கட்டுமானம். அடுத்து உயிரெழுத்து வருவதால் 'யூனி'யில் இருந்த 'இ' அங்கே காணாமல் போகிறது, கவனியுங்கள். மோனோவிலும் இப்படித்தான்: மோனார்க் என்பதில் கடைசி 'ஓ' இல்லை. மிச்சம் 'ஆள்வது', ஆக தனியொருவராக ஆள்பவர். மோனோபோலியில் மிச்சம் 'விற்பது'.

மோனோலித் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு நாள் ஈசிஆர் பஸ் ஏறுங்கள். 'லித்' என்றால் கல். மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களின் முன்னால் நின்று, சுவரில் இணைப்புக் கோடு எங்கே என்று தேடுங்கள். இருக்காது. பாறையையே செதுக்கிச் செதுக்கி எடுத்தது அது. அப்புறம் கடற்கரைக் கோயிலுக்கு நடந்து போய்ப் பாருங்கள். கடல் காற்றில் அரித்துப்போன கற்களுக்கு நடுவே அடுக்கு அடுக்காகக் கோடுகள் தெரியும், கல்மேல் கல் வைத்துக் கட்டியது. இரண்டும் பல்லவர் வேலைதான், ஆனால் மோனோலித் முதலாவதுதான்.

படி 3: யூனியா, மோனோவா?

இது கறாரான விதி இல்லை. படிக்கப் படிக்கப் பிடிபடும் ஒரு ருசி. பல சேர்ந்து ஒன்றாகும் இடத்தில் 'யூனி' அதிகம் வரும். 1918-ல் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்த மெட்ராஸ் லேபர் யூனியன் நல்ல உதாரணம். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது என்பார்கள். சேப்பாக்கத்தில் இருக்கும் யூனிவர்சிட்டியும் அப்படித்தான்: ஆசிரியரும் மாணவரும் சேர்ந்த ஒரே குழு என்ற பொருளில் வந்த சொல்.

ஒன்றே ஒன்று, துணைக்கு யாருமில்லை என்ற இடத்தில் 'மோனோ'. ஒருவரே பேசினால் மோனோலாக், ஒரே சுருதியில் இழுத்தால் மோனோடனஸ், ஒற்றைத் தண்டவாளம் என்றால் மோனோரயில். சென்னையில் அந்த மோனோரயில் பல வருடம் பேச்சாகவே இருந்தது. 2015-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே ஓடத் தொடங்கியது இரண்டு தண்டவாள மெட்ரோ.

யூனிசைக்கிள் இந்த ருசிக்கு அடங்காது. ஒற்றைச் சக்கரம், ஆனாலும் யூனி. அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 4: பக்கத்து வீட்டையும் சேர்த்து எழுதுங்கள்

யூனிசைக்கிள், பைசைக்கிள், ட்ரைசைக்கிள் என்று ஒரே வரியில் எழுதினால் மூன்றும் சேர்ந்து நினைவில் நிற்கும். மோனோலிங்குவல், பைலிங்குவல் அதே மாதிரி.

கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு ஜோடி கொஞ்சம் முக்கியம். முதலாவதில் ஒரு ஆக்சிஜன் அணு, இரண்டாவதில் இரண்டு. டைஆக்சைடு நாம் விடும் மூச்சிலேயே இருக்கிறது. மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொல்லும். புயல் நேரத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டரை மூடிய அறைக்குள் ஓட்டாதீர்கள் என்பது இதனால்தான்.

படி 5: நீங்களே வெட்டிப் பாருங்கள்

யூனிசன், அன்ஐடென்டிஃபைடு, மோனோகுரோம், மானுமென்ட், யூனிசெக்ஸ். விடையை மூடிக்கொண்டு முயலுங்கள்.

யூனிசனில் மிச்சம் ஒலி. எல்லாரும் ஒரே குரலில் பாடுவது. இரண்டாவது 'அன்' குடும்பம், விட்டுவிடுங்கள். மோனோகுரோமில் மிச்சம் நிறம். மானுமென்ட், 'நினைவூட்டு' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, அதுவும் வெளியாள். யூனிசெக்ஸ் என்ன என்று தெரியாவிட்டால் உங்கள் தெருவில் இருக்கும் சலூன் போர்டைப் பாருங்கள்.